மாதம் ஒரு முறை மேடு ஏறுவோம்!

லாபிஸ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், தைப்பூசத்துக்குப் பத்துமலை போக பஸ்ஸுக்குப் பணம் திரட்டிக்கொண்டிருந்த இளைஞர்களைப் பார்த்து ஒரு பாட்டி கேட்ட கேள்வி நம் காதுக்கு எட்டியது. பால் மரம் வெட்டிக் கை காய்த்துப் போன பாட்டி அவர்.

"பத்துமலைக்குப் போங்கப்பா, நல்லபடியா போயிட்டு வாங்க. ஆனா நம்ம மேட்டுக் கோயில்ல மாசக் கார்த்திகைக்கு விளக்கு வைக்க நான் ஒருத்திதான் ஏறுறேன். எனக்கு முட்டி போச்சு. எனக்குப் பின்னால யாரு ஏறுவா?"

இளைஞர்கள் சிரித்து மழுப்பிவிட்டார்களாம். நமக்குச் சிரிப்பு வரவில்லை. லாபிஸ், பெக்கோக், சாஆ, பாலோ என்று இந்த வட்டாரத்தில் நாம் எந்தப் பக்கம் திரும்பினாலும் இதே கேள்வி கேட்கத்தான் செய்கிறது. தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கில் கூடுகிறோம். காவடி எடுக்கிறோம், பால்குடம் சுமக்கிறோம். அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் தைப்பூசம் ஆண்டுக்கு ஒரு நாள். மீதி நாட்களில் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றுக் கோயிலின் கதவைத் திறப்பவர் யார்? படியில் முளைத்த புல்லைப் பிடுங்குகிறவர் யார்? இந்த வாரம் இதைப் பற்றிப் பாட்டாளி மக்களோடு மனம் விட்டுப் பேச விரும்புகிறோம்.

பாட்டன் பூட்டன் கொண்டுவந்த வழக்கம்

நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது தகரப் பெட்டியும் ஒரு துணி மூட்டையும் தவிர வேறு என்ன கொண்டுவந்தார்கள்? கையில் ஒன்றும் இல்லை. ஆனால் மனத்தில் ஒரு பஞ்சாங்கம் இருந்தது. கார்த்திகை நட்சத்திரம் இருபத்தேழு நாளைக்கு ஒரு முறை வரும். முருகனைப் பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர் என்பது நம் வீட்டுச் சின்னஞ்சிறுசுகளும் அறிந்த கதை. ஆகவே அந்த நாள் முருகனுக்கு உரிய நாள். கணக்குப் பார்த்தால் ஆண்டுக்குப் பதின்மூன்று, சில ஆண்டு பதினான்கு முறை வரும். அதுபோக மாதச் சஷ்டி உண்டு, பௌர்ணமி உண்டு.

ஊரில் அவர்கள் அப்படித்தான் பழகியிருந்தார்கள். பழனியிலே 693 படி. திருத்தணியிலே 365 படி. ஆண்டில் ஒரு நாளுக்கு ஒரு படி என்று சொல்வது வழக்கம். திருவண்ணாமலையிலோ பௌர்ணமிதோறும் மலையையே சுற்றி வருகிறார்கள். நடை 14 கிலோமீட்டர். இவையெல்லாம் ஆண்டுக்கு ஒரு முறை வந்துபோகும் திருவிழாவோடு முடிந்துவிடுவதில்லை. மாதா மாதம் வந்து போகும் மனிதர்களால்தான் அந்த மலைகள் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன.

இங்கே வந்த நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? ரப்பர்க் காட்டுக்கு நடுவே ஒரு மேடு தெரிந்தது. அங்கே ஒரு கல்லை நட்டார்கள், ஒரு வேலை ஊன்றினார்கள். தகரக் கூரை பிறகு வந்தது. குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்பது அவர்கள் நம்பிக்கை.

பத்துமலையும் அப்படித்தான் பிறந்தது. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை 1873-ல் நிறுவிய கா. தம்புசாமிப் பிள்ளை அவர்கள், 1891-ல் பத்துமலைக் குகையில் முருகனை எழுந்தருளச் செய்தார். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்கிறது. ஆனால் ஏறிப் போக ஒழுங்கான படி இருந்ததா? இல்லை. மரப்படி வந்தது 1920-ல். இன்று நாம் ஏறுகிற 272 சிமெண்டுப் படிகள் வந்தது 1940-ல். 42.7 மீட்டர் உயரச் சிலை எழுந்தது 2006-ல்தான்.

இதை நாம் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். முருகனை வைத்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்துத்தான் சிமெண்டுப் படி வந்திருக்கிறது. அந்த ஐம்பது ஆண்டும் மண்ணிலும் மரத்திலும் கால் வைத்து ஏறிய சனங்கள் இருந்தார்கள். அவர்கள் ஏறுவதை நிறுத்தியிருந்தால் படி யாருக்காகக் கட்டப்பட்டிருக்கும்? முதலில் பக்தர்கள், பிறகுதான் படி. இந்த வரிசையை நாம் மறந்துவிட்டோம்.

சாமி கும்பிட மட்டுமா போனோம்?

அந்தக் காலத்து மாதக் கார்த்திகையைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரட்டு முடிந்து, வெட்டு முடிந்து, பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டுக் குளித்து முழுகி மேடு ஏறுவார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் வருவார்கள். 1909-ல் ஜொகூர் ரயில் பாதை திறந்த பிறகு தூரத்து உறவும் ரயிலேறி வந்து இறங்கியது. பூசை அரை மணி நேரம். அதற்குப் பின்னால் பேச்சு இரண்டு மணி நேரம்!

அந்தப் பேச்சில்தான் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்தது. எழுத்துத் தெரியாதவருக்கு ஊர்க் கடிதம் படித்துக் காட்டப்பட்டது. எந்தத் தோட்டத்தில் சம்பளம் குறைத்தார்கள், எந்தத் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை ஒழுகுகிறது என்பதும் அங்கேதான் தெரிந்தது. 1954-ல் தோட்டத் தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அந்தச் சங்கத்துக்கு ஆள் சேர்ந்ததற்கு முன்பே ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்திருந்தது கோயில் வாசலில் கூடிய பழக்கத்தால் என்று நாம் சொன்னால் அதில் மிகை இல்லை.

இன்று நிலைமை என்ன? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் காலியாயிற்று. பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் பாதிப்பேர் தாமான் வீட்டில், பாதிப்பேர் இன்னும் தோட்டத்தில். 2023 மார்ச்சில் லாபிஸ், சாஆ, சிகாமட் வட்டாரங்களை வெள்ளம் சூழ்ந்ததே, நினைவிருக்கிறதா? அந்த நேரத்தில் எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு தாத்தா இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? மாதம் ஒரு முறை முகம் பார்க்கிற சனத்துக்கு அது தெரியும். ஆண்டுக்கு ஒரு முறை பஸ்ஸில் ஏறி இறங்குகிற சனத்துக்குத் தெரியாது.

மாதம் பத்து வெள்ளி கற்பித்த பாடம்

சிலர் கேட்கலாம்: மாசம் ஒரு தடவை நாலு பேர் கூடிச் சூடம் கொளுத்தினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று. அவர்களுக்கு நம் சரித்திரத்திலிருந்தே பதில் சொல்கிறோம்.

நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று சொன்னாலே இன்றும் பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். வேலை போயிற்று, வீடு போயிற்று, பள்ளிக்கூடமும் கோயிலும் யாரோ ஒருவருடைய காணியில் அகப்பட்டுக்கொண்டன.

அப்போது 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளரிடம் அவர் கேட்டது என்ன? மாதம் பத்து வெள்ளி. பத்து மாதம் கட்டினால் நூறு வெள்ளிப் பங்கு. 'பத்து வெள்ளியில் தோட்டம் வாங்குவதாவது!' என்று கேலி பேசியவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் 1961-லேயே கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கிவிட்டது. அதற்குப் பின் வேறு தோட்டங்களும் தொழிலாளருக்குச் சொந்தமாயின.

ஒரே நாளில் ஆயிரம் வெள்ளி கேட்டிருந்தால் நம் ஆட்களால் கொடுத்திருக்க முடியாது. மாதா மாதம் பத்து கேட்டார், கொடுத்தோம். சிறு துளி பெரு வெள்ளம் என்ற பழமொழி இங்கே தோட்டமாகவே கண்ணுக்குத் தெரிகிறது. மாத வழக்கத்துக்கு உள்ள பலம் இதுதான். ஆரவாரம் இருக்காது, பத்திரிகையில் படம் வராது, ஆனால் அது மண்ணையே மீட்டுக் கொடுக்கும்.

நிலம் யார் பேரில்?

மண் என்று சொன்னோம். இங்கேதான் நம் குன்றுக் கோயில்களின் உயிர்நிலை இருக்கிறது. உங்கள் மேட்டுக் கோயில் நிற்கும் நிலம் யார் பேரில் இருக்கிறது? கேட்டால், "நூறு வருசமா இருக்குதுங்க, யாரு கேக்கப் போறா?" என்கிறார்கள்.

இது ஆபத்தான பதில். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 48-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அரசாங்க நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் அதனால் மட்டும் உரிமை வந்துவிடாது. தனியார் நிலத்திலும் இதே கதைதான். நீண்ட நாள் இருந்துவிட்டோம் என்பதால் கிராண்டு வைத்திருப்பவருடைய உரிமை அழியாது என்று 341-ஆவது பிரிவு கூறுகிறது. நம் கோயிலின் வயதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நில அலுவலகத்தில் வயது பேசாது, தாள்தான் பேசும்.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியிலே நூறாண்டுக்கு மேற்பட்ட தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் நின்ற இடம் ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்த செய்தி 2025-ல் நாடு முழுவதும் பேச்சாயிற்று. கடைசியில் அருகிலேயே வேறு இடம் ஒதுக்கி, ஆலயம் அங்கே மாறுவதென முடிவாயிற்று. தலைநகரத்துக் கோயிலுக்கே இந்த நிலை என்றால், செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் நம் மேட்டுக் கோயிலைத் தோட்டம் கைமாறும் நாளில் யார் வந்து கேட்பார்கள்?

கேட்பதற்கு ஆள் வேண்டும். நில அலுவலகத்துக்கு அலைய ஆள் வேண்டும், நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். அந்த ஆட்கள் திருவிழாக் கூட்டத்திலிருந்து வருவதில்லை. மாதா மாதம் மேடு ஏறுகிற முப்பது நாற்பது குடும்பத்திலிருந்துதான் வருவார்கள். விளக்கு எரிகிற கோயிலை யாரும் 'கைவிடப்பட்டது' என்று எழுதிவிட முடியாது. புல் முளைத்த கோயிலை அப்படி எழுதுவது சுலபம். ஆகையால்தான் பாட்டி ஏற்றும் அந்த ஒற்றை விளக்கு பக்தி விளக்கு மட்டுமாக நமக்குத் தோன்றவில்லை. கோயிலுக்குக் காவல் விளக்காகவே அது தோன்றுகிறது.

சாக்குப்போக்கு வேண்டாம்

'கார்த்திகை வேலை நாளில் வருகிறது' என்பது முதல் சாக்கு. வாஸ்தவம்தான். வேலையை விட்டுவிட்டு வா என்று நாம் சொல்ல மாட்டோம். கார்த்திகையன்று பாட்டியின் விளக்கு எரியட்டும், இரண்டு பேர் துணைக்குப் போகட்டும். அதை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு எல்லாரும் ஏறட்டும். ஜொகூரில் 2014 முதல் வார விடுமுறை வெள்ளி, சனி என்று இருந்தது. பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாள், சிங்கப்பூரில் வேலை செய்யும் அப்பாவுக்கு ஒரு நாள், கோலாலம்பூரில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு நாள் என்று குடும்பமே சிதறிக் கிடந்தது. 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து மறுபடி சனி, ஞாயிறு ஆகிவிட்டது. பத்தாண்டுக்குப் பிறகு கிடைத்திருக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமையை நாம் எதற்குச் செலவழிக்கப் போகிறோம்?

'வயசாயிடுச்சு, ஏற முடியலை' என்பது இரண்டாவது. பெரியவர்கள் இதற்காக மனம் நோக வேண்டாம். பழனியை நினைத்துப் பாருங்கள். ஆறுபடை வீட்டில் மூன்றாவதான திருஆவினன்குடி மலை உச்சியில் இல்லை, அடிவாரத்தில் இருக்கிறது! அடிவாரத்தில் நின்று கும்பிடுவது எந்த வகையிலும் குறைந்த கும்பிடு ஆகாது. கீழே ஒரு பெஞ்சுப் பலகை போடுங்கள். தாத்தா பாட்டி அங்கே உட்காரட்டும். பேரப்பிள்ளை மேலே போய்த் திருநீறு வாங்கிவந்து அவர்கள் நெற்றியில் பூசட்டும். அந்தப் பிள்ளைக்கு அதைவிட வேறு சமயப் பாடம் வேண்டுமா?

'காசில்லை' என்பது மூன்றாவது. மாதப் பூசைக்குக் காசு அதிகம் வேண்டாம். எண்ணெய், திரி, சூடம், வாழைப்பழம், ஒரு பானை சர்க்கரைப் பொங்கல். வீட்டுக்கு ஒரு மாதம் என்று முறை வைத்துக்கொண்டால் ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் பொறுப்பு வரும். காசு கரைகிறது என்றால் அது வேறு இடத்தில் கரைகிறது. காவடிக்குக் கடன், வாடகை மேளத்துக்குக் கடன், பத்துமலை போன இடத்தில் குடிக்குக் கடன் என்று தைப்பூசம் முடிந்து மூன்று மாதம் வட்டி கட்டுகிற குடும்பங்களை நாம் அறிவோம். முருகன் யாரிடமும் கடன் வாங்கி வா என்று கேட்கவில்லை.

இனி செய்ய வேண்டியவை

வெறுமனே புத்தி சொல்லிவிட்டுப் போக நமக்கு விருப்பமில்லை. லாபிஸ் வட்டாரத்துத் தோட்ட மக்கள் இந்த மாதமே தொடங்கக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறோம்.

ஒன்று, மாத நாளைக் குறித்து விடுங்கள். ஆண்டு முழுவதற்கும் நாள் குறித்து, ஒவ்வொரு நாளுக்கும் எந்தக் குடும்பம் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டுங்கள். ஊர் விட்டுப் போன பிள்ளைகளுக்கும் அந்தத் தாளின் படத்தைத் தொலைபேசியில் அனுப்புங்கள்.

இரண்டு, பூசை முடிந்ததும் பத்து நிமிடம் கூட்டம். உண்டியல் காசு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று எல்லார் முன்னிலையிலும் படித்துக் காட்டுங்கள். ஒரு குறிப்பேட்டில் எழுதி மூன்று பேர் கையெழுத்துப் போடுங்கள். கணக்கு மாதா மாதம் வெளிச்சத்துக்கு வந்தால் சந்தேகம் வராது. கோயில் சண்டைகளில் பெரும்பாலானவை கணக்கில்தான் பிறக்கின்றன.

மூன்று, நிர்வாகக் குழுவைப் பதிவு செய்யுங்கள். 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் அமைக்கலாம். பதிவு செய்த பிறகு தூங்கிவிடக் கூடாது. ஆண்டுக் கூட்டம் நடந்து 60 நாளுக்குள் கணக்கும் அறிக்கையும் சங்கப் பதிவு இலாகாவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

நான்கு, நிலம் யாருடையது என்று தேடிப் பாருங்கள். நில அலுவலகத்தில் கட்டணம் கட்டினால் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார்கள். அரசாங்க நிலம் என்றால் வழிபாட்டுக்காக ஒதுக்கித் தரும்படி மாநில அரசுக்கு விண்ணப்பியுங்கள். தோட்ட நிலம் என்றால், தோட்டம் விலைக்கு வருகிற நாள்வரை காத்திருக்காமல் இப்போதே நிர்வாகத்திடம் எழுத்தில் ஓர் உடன்படிக்கை கேளுங்கள். வாய் வார்த்தையாக நல்ல மானேஜர் சொன்னது, அவர் மாற்றலாகிப் போனதும் கூடவே போய்விடும்.

ஐந்து, யாத்திரைக்கு மாதச் சேமிப்பு வையுங்கள். நாற்பது குடும்பம் மாதம் ஐந்து வெள்ளி போட்டால் மாதம் 200 வெள்ளி, ஆண்டுக்கு 2,400 வெள்ளி. தைப்பூச பஸ்ஸுக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டாம். பத்துமலை போகலாம், ஓர் ஆண்டு பினாங்குத் தண்ணீர்மலைக்கும் போய் 513 படி ஏறி வரலாம். பஸ்ஸில் முதல் இடம் யாருக்கு? மாதம் தவறாமல் மேடு ஏறியவர்களுக்கு என்று விதி வையுங்கள். பிறகு பாருங்கள், மேட்டுக் கோயிலில் கூட்டம் கூடுகிறதா இல்லையா என்று!

ஆறு, குன்றைக் குன்றாகவே விடுங்கள். பெரிய மண்டபம் கட்டுகிறோம் என்று சரிவை வெட்டாதீர்கள். மழைக்காலத்தில் வெட்டிய மண் சரியும். மரத்தை வெட்டாதீர்கள், மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது அதன் வேர்தான். பிளாஸ்டிக் தட்டும் போத்தலும் ஏறியவர்களோடு இறங்கிவிட வேண்டும். உறுதியான படி, பிடித்து ஏற ஒரு கம்பி, கீழே தண்ணீர்க் குழாய் இருந்தால் போதும்.

தோட்டத்தில் நம்மோடு இன்று வேலை செய்கிறவர்களில் நேப்பாளத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்களில் பலர் நம்மைப் போலச் சாமி கும்பிடுகிறவர்கள்தான். வீடு விட்டு வந்து லயத்தில் கிடக்கும் அவர்களையும் ஒரு வார்த்தை கூப்பிடுங்கள். நம் பாட்டனும் ஒரு நாள் இப்படித்தான் யாரும் இல்லாமல் வந்து நின்றான்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். தேர் இழுப்பது ஒரு நாள் வேலை. ஊர் கூடுவது மாதா மாதம் பழக வேண்டிய வேலை. பழக்கம் விட்டுப் போன ஊரால் தேரையும் இழுக்க முடியாது, கோயில் நிலத்தையும் காக்க முடியாது.

அடுத்த மாதக் கார்த்திகைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அன்று மாலை அந்தப் பாட்டி எண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டு அடிவாரத்துக்கு வருவார். "கொடுங்க பாட்டி, நான் எடுத்துக்கிட்டு ஏறுறேன்" என்று சொல்ல அங்கே ஒரு பேரன் நிற்க வேண்டும், ஒரு பேத்தி நிற்க வேண்டும். அவர் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். அந்தப் பதிலை லாபிஸ் வட்டாரத்துப் பாட்டாளிக் குடும்பங்கள் சொல்லும் என்று நாம் நம்புகிறோம்.